காலி மாத்திரை அட்டைகளும் என் எம்.எஸ்ஸியும்

முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், காலையில் வயிறு ஒழுங்காகப் போனதா என்று கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டு வருவதற்குப் பெயர்தான் பொது சுகாதார ஆராய்ச்சி. தொண்ணூறுகளின் கடைசியில் கல்கத்தாவில் இந்தப் படிப்பில் மாட்டிக்கொண்டவள் நான். ஆய்வேடு என்ற சொல்லைக் கேட்டாலே ஓடி ஒளியும் சக ஜீவன்களே, கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

அது என்ன படிப்பு?

அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். அங்கே தமிழ்க்காரர்கள் எல்லோருக்கும் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளின் மார்க்கும் தெரியும். காபித்தூள் கடை மாமா என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பிரஷர் பாரும்மா" என்று கையை நீட்டுவார். நான் மருந்து எழுதித் தருகிற படிப்பு படிக்கவில்லை, ஜனங்களுக்கு ஏன் ரத்தம் குறைகிறது என்று ஆராய்கிற படிப்பு என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்போ நீ டாக்டரும் இல்லே, நர்ஸும் இல்லே. சரி, உனக்குக் காபிக்கொட்டை பீபரியா, பிளான்டேஷனா?"

மீன் குழம்பு

டாக்குரியாவில் ரயில் பாதையோரக் குடியிருப்பு ஒன்று. அங்கே ரத்தசோகை உள்ள பெண்களுக்கு மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ரத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. முதல் நாள் முதல் வீடு மினோதியினுடையது. மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர். என்னைவிட மூத்தவர் என்பதால், அக்கா என்று பொருள்படும் 'தி'யைச் சேர்த்து நான் மினோதிதி என்பேன். அவர் என்னைத் தீதிமணி என்பார். டீச்சர்களுக்கும் ஆஸ்பத்திரிப் பெண்களுக்கும் அங்கே அதுதான் மரியாதை.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சோறு, பருப்பு, மீன் குழம்பு" என்றார் மினோதிதி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. என்ன மீன், எத்தனை துண்டு என்று படு சிரத்தையாக எழுதினேன். அந்தம்மாள் நகர்ந்ததும் என் பேனாவைப் பிடித்து நிறுத்தினார். அவர் வங்காள மொழியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "அவ நிக்கும்போது கேட்டா நான் மீன்னுதான் சொல்லுவேன். அதை அடிச்சிட்டு உருளைக்கிழங்குன்னு எழுது."

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நூற்றுக்கு நூறு

செவ்வாய்க்கிழமைதோறும் போவேன். போன வாரத்து மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் புதியதைக் கொடுப்பேன். முதல் வாரம் பலர் பாதியை மிச்சம் வைத்திருந்தார்கள். என் முகம் சுருங்கியது. இரண்டாவது வாரம் எல்லா அட்டையும் காலி. அதற்கப்புறமும் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் விளக்கிச் சொல்கிற அழகில்தான் எல்லோரும் விழுங்குகிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கடைசியில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒருவருக்கும் ஏறவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க ஆறே வாரம் இருந்தது. அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. அதற்குள் முடிக்காவிட்டால் பட்டமில்லாமல் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் வழிகாட்டியான மேடம் என் மாத்திரைக் கணக்கு அட்டவணையை ஒரு தரமும் ரத்த முடிவை ஒரு தரமும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "என் இருமல் மருந்தையே நான் வாரத்தில் இரண்டு நாள் மறக்கிறேன். உன் பெண்களில் ஒருத்திகூடவா மறக்கவில்லை?"

முரி டப்பா

அந்தச் செவ்வாய்க்கிழமை மினோதிதி வீட்டில் போய் உட்கார்ந்தேன். வந்தவளை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் அங்கே கிடையாது. முரி, அதாவது நம் பொரி, கொஞ்சமாவது சாப்பிட்டாக வேண்டும். பேசிக்கொண்டே அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் தட்டில் கவிழ்த்தார். பொரி விழவில்லை. சிவப்பு மாத்திரைகள் கடகடவென்று கொட்டின. டப்பா மாறிவிட்டது.

மினோதிதியே விஷயத்தை உடைத்தார். மருந்தைக் குப்பையில் போட மனசு வராமல் எல்லாப் பெண்களும் அவரிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்து அட்டைகளைப் பிதுக்கிக் காலி செய்வது ஒரு வேலையாகவே நடந்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மிச்சம் இருந்தா உன் முகம் வாடிப் போகுது. இந்த வெயில்ல இவ்வளவு தூரம் வர்ற பொண்ணு ஃபெயிலாகக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம், தீதிமணி."

மேடத்தின் மேஜை

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரையே சரியில்லை என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? எழுதியும் பார்த்தேன். வாக்கியம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதைப் படித்து நாளைக்கு யாராவது நல்ல மாத்திரையை நிறுத்திவிட்டால்? மூன்றாம் நாள், மினோதிதியிடம் கேட்டு வாங்கி வந்திருந்த டப்பாவை அப்படியே கொண்டுபோய் மேடம் முன்னால் வைத்தேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். தாராளமாகக் கிடைத்தது. பத்து நிமிஷம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இதை மேஜையிலிருந்து எடு, காகிதமெல்லாம் சிவப்பாகிறது. ஏன் விழுங்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு வா, அதுதான் இனி உன் தலைப்பு."

மூன்று மிச்சம்

படிவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனேன். உர்ரென்ற முகத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். பெண்கள் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். விடிந்ததும் வெறும் டீயோடு வேலைக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். நானோ காலையில் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். வெறும் வயிற்றில் அது குமட்டும். அடுத்தவர் சமையலறையில் வாந்தி எடுத்தால் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? மலம் கறுப்பாகப் போனதில் இரண்டு பேர் பயந்தே போயிருந்தார்கள். கறுப்பாகத்தான் போகும், அதனால் ஒன்றும் ஆகாது என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போட்டால் என்ன என்று அவர்களே கேட்டார்கள். போட்டுப் பாருங்கள் என்றேன்.

அடுத்த செவ்வாய் மினோதிதி நீட்டிய அட்டையில் மூன்று மாத்திரை மிச்சம் இருந்தது. நான் அவரைக் கட்டிக்கொண்டுவிட்டேன். அவர் திகைத்துப் போனார். "மிச்சம் வெச்சாதான் உனக்குச் சந்தோஷம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே, பிதுக்குற வேலையாவது மிச்சமாயிருக்கும்!"

வாய்மொழித் தேர்வு

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டின் முதல் பாதியைப் படித்து உச்சுக்கொட்டினார். இரண்டாம் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேறிவிட்டேன். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் சந்தேஷ் வாங்கிக்கொண்டு டாக்குரியாவுக்கு ஓடினேன். மாத்திரையைத் தொடர்ந்து போட்டுவந்த மினோதிதி, மூன்றாவது மாடியில் சமைக்கிற வீட்டுக்கு இப்போது நடுவில் உட்காராமல் ஏறிவிடுவதாகச் சொன்னார். அதைக் கேட்டபோது வந்த சந்தோஷம் எனக்குத் தேர்வு முடிவைக் கேட்டபோதுகூட வரவில்லை. மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். இனிப்புப் பெட்டியைத் திறக்க விடாமல் மூடியில் கை வைத்துக்கொண்டு மினோதிதி கேட்டார்: "முதல்ல சொல்லு, நாம பாஸ் பண்ணிட்டோமா?"

பட்டச் சான்றிதழில் என் பெயரை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள், மற்றவர்களுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.