காவல் மாற்ற வந்தவர்

மார்ச் 13, புதன்

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. 'ஒருவர் வந்து கதவைத் தட்டினார்' என்று எழுதியிருக்கிறேன். அவர் தட்டவில்லை. நான் வீட்டுக்குள் வந்தபோதே அவர் உள்ளேதான் இருந்தார். வருகிறவர்கள் தட்டுவார்கள் என்ற பழக்கத்தில் கை எழுதிவிட்டது.

இது உண்மையில் நடந்தது. நானே இன்று பலமுறை என்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன். அதனால் நடந்த வரிசையிலேயே மறுபடி எழுதுகிறேன்.

முதலில் அண்ணன். படையிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. கை கால் முழுசாக வந்து சேர்ந்தான் என்று அம்மா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். ஆனால் அவன் கட்டிலில் படுப்பதில்லை. வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. சுவரில் முதுகைச் சாய்த்து இரவெல்லாம் அதில் உட்கார்ந்திருப்பான். மாடியில் யாராவது கதவை அறைந்து சாத்தினால் மேசைக்கு அடியில் கிடப்பான். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

"ஊருக்குக் காவல் இருந்தது போதாதுன்னு இப்ப கொசுவுக்குக் காவலா?" என்பாள் அம்மா. "நாலு நாள் வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்."

ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிறவன் அவன். இப்போது பேசாமல் கதவையே பார்ப்பான்.

எனக்குப் பகலில் துணிக்கடையில் வேலை. மாலையில் கட்டட வரைபட வகுப்பு. நேற்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது 8.40. அம்மா இரவு வேலைக்குப் போயிருந்தாள். சாவியால் திறந்தேன். கதவு உள்பக்கமாகத் திறந்து சுவர்வரை போயிற்று. உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

குறட்டைச் சத்தம்.

அண்ணன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆறு மாதத்தில் முதல் தடவை. சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு.

திரும்பினேன். நாற்காலியில் ஒருவர் இருந்தார்.

ஒல்லி. நல்ல உயரம். இடது காதில் பாதிதான் இருந்தது.

"பயப்படாதம்மா. இவன்கூட இருந்தவன்தான். சத்தம் போடாத, தூங்கட்டும்."

அண்ணனைத் தேடி யாருமே வந்ததில்லை. வந்தாரே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

"எப்படித் தூங்க வச்சீங்க?"

"காவலை மாத்திக்கிட்டேன். காவல்ல இருக்கறவன் தானா எந்திரிக்க மாட்டான். அடுத்த ஆள் வந்து தோள்ல கை வைக்கணும். நான் பாத்துக்கறேன், நீ போன்னு சொல்லணும். ஆறு மாசமா இவனுக்கு யாரும் சொல்லல."

கதவிலிருந்து அவர் கண்ணை எடுக்கவேயில்லை.

"பொருளையெல்லாம் குடுக்க ஆரம்பிச்சிட்டானா?"

என் கை தானாக மணிக்கட்டை மூடியது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தந்த கைக்கடிகாரம். 'எனக்கு எதுக்கு இனிமே' என்று சொல்லித்தான் தந்திருந்தான்.

"நானும் குடுத்தேன்," என்றார். "எங்க அக்காவுக்கு. என் ரேடியோவ. சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க."

குரலில் கோபமே இல்லை.

"இன்னிக்கு நான் இருக்கேன். நாளைக்கு?"

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்தேன். மூடினேன்.

நாற்காலி காலி.

தாழ்ப்பாள்... நான் போட்டபடியே.

சந்தேகம் வந்தால் வரைந்து பார் என்பார் வகுப்பாசிரியர். வரைந்தேன். வாசல், கதவு திறக்கும் வளைவு, நாற்காலி. தினமும் நான் நுழையும்போது அண்ணன் காலை மடக்கிக்கொள்வான். இல்லாவிட்டால் கதவு முழங்காலில் இடிக்கும். நேற்று கதவு சுவர்வரை போனது.

அவர் முழங்கால் இருந்த இடத்தின் வழியாக...

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். விடியற்காலையில் அம்மா வந்தாள்.

"ஒருத்தன் போதாதுன்னு இப்ப நீயுமா?"

அப்போதுதான் குறட்டை அவள் காதில் விழுந்தது. பையைக் கீழே வைத்தாள். கட்டிலருகே போய் வெகுநேரம் நின்றாள்.

அண்ணன் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு மாத்தினா?"

சொன்னேன். ஒல்லி, உயரம், பாதிக் காது.

"ஒட்டடை," என்றான். "நாங்க வச்ச பேரு. குச்சி இல்லாமலே ஒட்டடை அடிப்பான்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "போன வெள்ளிக்கிழமை அவன் அக்கா போன் பண்ணாங்க. போயிட்டான். சண்டையில இல்ல பாப்பா. வீட்ல. தானாவே."

அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

அண்ணனிடம் எண் வாங்கி மதியம் அந்த அக்காவை அழைத்தேன். நான் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க ஆள் கிடைத்தது போல அவரே பேசினார்.

"முந்தின வாரம் அவன் ரேடியோவ என்கிட்ட குடுத்தான்மா. நானும் வாங்கிக்கிட்டேன்."

அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ராத்திரியெல்லாம் கதவுகிட்டயே உக்காந்திருப்பான். படுத்துத் தூங்கட்டுமேன்னு அந்த நாற்காலிய எடுத்து ஒளிச்சு வச்சோம்..."

மூக்கைச் சிந்தும் சத்தம் போனில் கேட்டது.

"அப்புறம் நின்னுக்கிட்டே இருந்தான்மா. கடைசி வரைக்கும்."

கடிகாரத்தைக் கழற்றி அண்ணன் கையில் கட்டினேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன்.

"எனக்கென்ன பைத்தியமா?"

"தூக்கமில்ல. அதுக்கும் டாக்டர்தான்ணா."

கடிகார வாரை இழுத்துச் சரிசெய்தான். "டாக்டர் ரூம்ல கதவு என் முதுகுக்குப் பின்னால இருக்கும்," என்றான்.

இதை எழுதும்போது மணி 9.15. அம்மா இன்று வேலைக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் படுத்திருக்கிறான். தூங்கிவிட்டானா என்று தெரியவில்லை.

நாளை: கடையில் அரைநாள் விடுப்புச் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு அண்ணனோடு மருத்துவமனை, மனநலப் பிரிவு. மருத்துவர் அறைக்குள் கதவோரமாக எனக்கு ஒரு இடம் கேட்க வேண்டும்.