வருக, மலர்விழி

ஓசூரில் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ்க் கையேட்டைச் சம்பளமில்லாமல் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. எடுத்துக்காட்டுகளில் யாருடைய பெயரும் வரக்கூடாது, 'பயனர்' என்றே இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. விதி விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

ஓர் அத்தியாயம் முழுக்க, 'பயனர்' வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'மலர்விழி' என்று இருந்தது. அதை எழுதிய போச்சம்பள்ளிக்காரரை நான் நேரில் பார்த்ததில்லை. மாற்றிவிடட்டுமா என்று போனில் கேட்டேன்.

"எம் பொண்ணு பேருங்க. போன வருசம் காய்ச்சல்ல போயிட்டா. வூட்ல இப்ப யாரும் அந்தப் பேரச் சொல்றதில்லீங்க. அங்கயாவது இருக்கட்டுமே."

மாற்றாமல் விட்டுவிட்டேன்.

மறு வருடம் ராயக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் கையேட்டை அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புதுக் கணினியில் அதே மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தார். பெயர் கேட்ட இடத்தில் 'மலர்விழி' என்று அடித்தார்.

"அங்க உங்க பேரைத்தானே போடணும்?" என்றேன்.

"புக்குல இப்பிடித்தான் இருக்குதுங்க."

கணினி ஒருமுறை அணைந்து மீண்டும் உயிர்பெற்றது. 'வருக, மலர்விழி' என்றது திரை.

இன்னும் எத்தனை ஊர்களில் அவளை இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களோ! என்னையறியாமல் நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.