அழகர் கேட்ட சத்தியம்

அனிதா மேரி வழக்குப் போடுகிறவர்கள் பக்கம் நிற்கமாட்டாள். வழக்கு யார் மேல் விழுந்ததோ அவர்களுக்குத்தான் வக்கீல். உத்தமபாளையம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டிய நாளிலிருந்தே அப்படித்தான். குறுக்கு விசாரணையில் சாட்சியை மிரட்டமாட்டாள். வீட்டு விசேஷம் விசாரிக்கிற மாதிரிப் பேசியே உண்மையைக் கறந்துவிடுவாள். தோற்றவன் மதுரைக்கு அப்பீல் போனால் இவளும் பின்னாலேயே பஸ் ஏறுவாள். எடுத்த கேஸை நடுவில் விட்டதே இல்லை. யார் என்ன சொன்னாலும் சரி, அந்தக் குணம்தான் அவளை மாட்டிவிட்டது.

கூடலூர் அழகருக்கும் அவர் தங்கை முத்துப்பேச்சிக்கும் பொதுவில் ஒரு திராட்சைத் தோட்டம். அதன் வழியே தனக்கு வண்டிப்பாதை உண்டென்று பக்கத்துத் தோட்டத்து நாகராஜ் இருவர் மேலும் வழக்குப் போட்டான். அனிதா மேரி கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தாள், அப்பீலிலும் ஜெயித்தாள். அவன் விடாமல் மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனான்.

அங்கே விசாரணை வருகிற சமயம் பார்த்து அழகர் டீக்கடையில் நாகராஜைப் பார்த்து வாயைவிட்டார். "பாதை இருந்தது நெசம்னா அம்மன் முன்னால கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுலே. விட்டுத் தாரேன்!"

நாகராஜ் பயந்துவிடுவான் என்று நினைத்தார். அவனோ ஈரவேட்டியோடு வந்து, ஊர் பார்க்க, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டுப் போனான். சத்தியம் கேட்டவர் அதற்குமேல் மல்லுக்கு நின்றால் ஊரில் தலைகாட்ட முடியாது.

அழகர் தங்கையோடு ஆபீசுக்கு வந்தார். "வக்கீலம்மா, கேஸைத் தோத்துக் குடுத்துருங்க."

"தோக்கிறதுக்கு நான் எதுக்குண்ணே? ரெண்டு பேரும் சமரசம்னு கையெழுத்துப் போடுங்க, போதும்."

"நான் போடமாட்டேன்" என்றாள் முத்துப்பேச்சி. "என்னயக் கேட்டா சத்தியம் வாங்குனாக? இவுக வாய்க்குத்தான் வேலி இல்ல, என் பந்தலுக்காவது இருக்கட்டும்."

கோர்ட்டுக்குக் கற்பூரம் கணக்கில்லை. வாதாடினால் ஜெயம் நிச்சயம், ஆனால் அழகருக்கு ஊர் இல்லை. வாயை மூடினால் முத்துப்பேச்சிக்குத் துரோகம். விலகலாமென்றால் விசாரணை தலைக்குமேல் நிற்கிறது. மதுரை பஸ்ஸில் கேஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ‘ஆண்டவரே, டிரைவர் வழி தப்பிப் போகட்டும்’ என்றுகூட வேண்டினாள். டிரைவர் சரியாகத்தான் போனார். ஜட்ஜ் முன்னால் எழுந்து நின்றதும், வாய் பழகிய வேலையைப் பார்த்துவிட்டது. ஜெயித்தாள்.

தீர்ப்பு வந்த கையோடு அழகர் தன் கையாலேயே வேலியைப் பிடுங்கிப் போட்டார். நாகராஜின் டிராக்டர் உள்ளே போனது.

மறுநாள் முத்துப்பேச்சி வந்து நின்றாள். "அண்ணன் மேல கேஸ் போடணும், வக்கீலம்மா."

பின்னாலேயே அழகர். "போடட்டும். எனக்கும் நீங்கதான்."

"ரெண்டு பேரு மனசும் எனக்குத் தெரியும்க்கா. ஒருத்தருக்கு நின்னா இன்னொருத்தருக்குப் பாவம். வேற வக்கீலப் பாருங்க."

"அப்பச் சாட்சிக் கூண்டுல ஏறுங்க. இவுக பேசுனதெல்லாம் கேட்டீகள்ல?" என்றாள் தங்கை.

"ஆமா, அவ பேசுனதையும் சொல்லட்டும்" என்றார் அழகர். வெகுநாளைக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒத்துப்போனது அதில்தான்.

"அதுவும் முடியாது. வக்கீல்கிட்டச் சொன்னத வக்கீல் வெளிய சொல்லக்கூடாது."

"அப்ப எதுக்குத்தான் ஆவீக?" என்றாள் முத்துப்பேச்சி.

அனிதா மேரி கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். வாசலை அடைத்தாற்போல் பெஞ்சில் அந்த முனையில் அண்ணன், இந்த முனையில் தங்கை. இருவரும் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.