எழுதாத நான்காவது வரி

நம்பாதவர்கள் சிறுவாச்சூர் போய்ச் சத்யாவையே கேட்டுக்கொள்ளலாம். இது நடந்தது 2004 மார்ச்சில், பட்டப்பகலில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பிரவுசிங் சென்டரில்.

மறுநாள் கல்லூரியில் புராஜெக்ட் காட்ட வேண்டும். தோழிகள் சத்யாவும் மணிமொழியும் சேர்ந்து செய்தது. காலையிலேயே வருவதாகச் சொன்ன சத்யா மத்தியானம் ஆகியும் வரவில்லை. மணிமொழி எரிச்சலோடு தனியாக உட்கார்ந்து ஜாவா புரோகிராமை ஓட்டினாள். சின்ன வேலைதான். ஒரு ஃபைலில் இருக்கும் ஊர்ப் பெயர்களை வரிவரியாகப் படித்து, இன்னொரு ஃபைலில் எழுத வேண்டும்.

மூன்று ஊர் கொடுத்தாள். நான்கு வரி வந்தது.

கடைசி வரி தமிழ்தான், ஆங்கில எழுத்தில். 'கை வழுக்குது.'

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

'தண்ணி ஆழம்.'

"அண்ணே, இந்த சிஸ்டத்துக்குள்ள வேற யாரும் வர்றாங்களா?"

சென்டர்காரர் ராசாங்கம் எட்டிப் பார்த்தார். "எப்புடிம்மா வருவாங்க? காலையிலேர்ந்து நெட்டே இல்ல."

எழுதச் சொல்லும் கட்டளையையே புரோகிராமிலிருந்து எடுத்தாள். இனி வெறும் ஃபைல்தான் வர வேண்டும்.

வெறும் ஃபைல் வரவில்லை.

'மொழி... மோட்டார் கெணறு...'

அவளை மொழி என்று கூப்பிடுவது சத்யா மட்டும்தான்.

ராசாங்கத்தின் போனை எடுத்து சத்யா வீட்டுக்கு அடித்தாள். சத்யாவின் அம்மா அமிர்தவல்லி பேசினார்.

"அம்மா, சத்யா எங்க?"

"வெடியக்காலம் மோட்டார் போடப் போனா. அப்படியே பஸ் ஏறிருப்பான்னு... உங்கூட இல்லையா?"

"கெணத்துல பாருங்கம்மா. ஓடுங்க."

ரிசீவர் கீழே விழும் சத்தம். ஓடும் கால்கள்.

அப்புறம் ஒன்றுமில்லை.

மணிமொழி திரையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் ஓட்டாமலே ஒரு வரி கூடியிருந்தது.

'பாரம் தாங்கல...'

சத்யாவை உயிரோடு தூக்கினார்கள். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆஸ்பத்திரியில் மணிமொழியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"புடிச்சிருந்த மோட்டார் பைப்ப எப்பவோ விட்டுட்டேன் மொழி. கீழேர்ந்து ஒருத்தி தாங்கிட்டே இருந்தா. யாரக் கூப்புடணும்னு கேட்டா. உம்பேரச் சொன்னேன்."

சத்யாவின் உள்ளங்கால் இரண்டிலும் விரல் தடங்கள் கன்றிப்போய் இருந்தன. நர்ஸும் பார்த்தாள்.

கிணற்றை முழுசாக இறைத்தார்கள். உள்ளே யாரும் இல்லை. முன்னே யாரும் விழுந்து செத்ததும் இல்லை.

அந்தக் கிணறு வெட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.