பேச்சியக்கா ஓகே போட்ட நிறம்

பேச்சியக்கா இறந்த செய்தி செல்போனில் வந்தது. சொன்னவர் அக்காவின் கொழுந்தன் தங்கவேல். "மதினி காலையில தவறிட்டாக. சாயங்காலம் எடுக்கோம்" என்றார். நான் அழத் தொடங்கும் முன்பே, "காரியத்துக்குள்ள வீட்டு வெளிச்செவுத்தையும் மாத்தி அடிச்சுரணும். அந்தக் கலரை வச்சுக்கிட்டு நாலு பேரைக் கூப்பிட முடியாது" என்று அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார். உடலை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. அன்று ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதனால் இந்த அஞ்சலியில் காரம் தூக்கலாகவே இருக்கும். அக்காவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள். அறிந்தவர்களில் சிலர் பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

சிவகாசியில் காலண்டர் அச்சிடும் பிரஸ் ஒன்றில் நாங்கள் இருவரும் பதினோரு வருஷம் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்றவர்கள். அச்சாகி வரும் தாள்களில் நிறம் மாறியவற்றைக் கழித்துப் போடுவது எங்கள் வேலை. முதல் தாள் சரியாக வந்ததும் அதில் 'ஓகே' என்று எழுதி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் ஓகே ஷீட். அதை மிஷின் பக்கத்தில் மாட்டிவைத்து, பின்னால் வரும் தாள்களை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நிறம் சரியா என்று முடிவு சொல்பவர் அக்காதான். ஈரம் காயாத தாளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். "டியூப் லைட்டு பொய் சொல்லும், வெயிலு சொல்லாது" என்பார். ஆனால் கையெழுத்தை மட்டும் முதலாளியின் மைத்துனர் வந்து போடுவார். சிவப்புக்கும் அரக்குக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் அவர். அக்கா தலையை ஆட்டிய பிறகுதான் பேனாவையே திறப்பார்.

கணவர் மஞ்சள் காமாலையில் போனபோது அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை. இருபது வருஷம் கழித்து, திருத்தங்கலில் சொந்த உழைப்பில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினார். மிஷினில் கலர் கலந்து தரும் கடைகள் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தன. தெருவில் கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக வீடுகள் மாறிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா நாலு சின்ன டப்பாக்களில் நாலு நிறம் வாங்கினார். முன்சுவரில் காலண்டர் அளவுக்கு நாலு கட்டம் அடித்து, கீழே பென்சிலால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பார்வை, திரும்பி வந்ததும் ஒரு பார்வை, ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் குடையோடு நின்று ஒரு பார்வை. முதல் டப்பா, கடையில் காட்டிய கலர் அட்டையைவிடச் சிவந்து வந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் பெயிண்டில்தான் கோளாறு என்பார்கள். அக்கா கடைக்காரரிடம் அட்டையை நீட்டினார். "இதை அச்சடிச்சவுக வெயில்ல வச்சுப் பாக்கல. இது கழிவு ஷீட்டு. இதைக் காட்டியா ஊருக்கெல்லாம் கலர் சொல்லுறீக?" என்று சண்டை பிடித்தார். கடைக்காரர் அட்டையை வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

எட்டாம் நாள் மூன்றாம் எண்ணைத் தொட்டார். கனகாம்பர நிறம்.

நானும் அங்கே இருந்த நேரம் தங்கவேல் வந்து நின்றார். "மதினி, கிரீம் கலர் அடிங்க. தாலியறுத்த பொம்பள வீட்டுக்கு எதுக்கு இம்புட்டு கலருன்னு கேக்காக."

அக்கா சத்தம் போடவில்லை. "தலையில பூ வைக்கக் கூடாதுன்னீக. சரின்னு இருபது வருசமா வைக்கல. செவுத்துலயுமா வைக்கக் கூடாது?"

தங்கவேல் என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

நான் சொன்னேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். "கிரீமே இருக்கட்டும்க்கா. ஊர் வாயை மூட முடியுமா?"

மறுநாள் பிரஸ்ஸில், தாள்களைத் தள்ளியபடியே அக்கா சொன்னார். "ஷீட்டுல ஒரு நூல் கலர் மாறினாலும் கழிச்சுப் போடுற. மனுசர் பேசுற பேச்சை மட்டும் ஏன் செல்வி கழிக்க மாட்டேங்குற?"

வீடு கனகாம்பரமாக நின்றது. வேலை முடிந்த அன்று, மீட்டர் பெட்டிக்குக் கீழே அக்கா பென்சிலால் எழுதினார்: 'ஓகே. பேச்சியம்மாள்.' என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆயுசுக்கும் நான் ஓகே போட்டது இது ஒண்ணுதான்." தெரு ஒரு மாதம் முணுமுணுத்தது. அப்புறம் அதே தெருக்காரர்கள், "கனகாம்பர வீட்டுக்கு அடுத்த வீடு" என்று தங்கள் விருந்தாளிகளுக்கு வழி சொன்னார்கள். வழி சொல்ல மட்டும் அந்த நிறம் ஆகும்.

துக்க வீட்டைக் காரியத்துக்கு முன் வெள்ளையடிப்பது வழக்கம் என்கிறார்கள். போன வருஷம் அதே தெருவில் ஒரு கம்பெனி முதலாளி இறந்தார். அவர் வீட்டுக் கிளிப்பச்சையை யாரும் தொடவில்லை. வழக்கத்துக்கும் ஆள் பார்க்கத் தெரிகிறது.

காரியத்துக்கு முதல் நாள் போனேன். சுவர் முழுக்க கிரீம். மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் இடம் மட்டும் மிச்சம். அதில் அக்காவின் கையெழுத்து அப்படியே இருந்தது. "அதையும் முடிச்சிருப்பா" என்று பெயிண்டரிடம் சொன்னார் தங்கவேல். பெயிண்டர் பிரஷை நனைத்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இதுல பிரஷ் பட்டுச்சு, நான் இங்கனயே உக்காந்துருவேன். நாளைக்குப் பந்தி நடக்காது."

"காரிய வீட்டுல சண்டை போடாதீக" என்றார் தங்கவேல்.

"காரியம் யாருக்கு? அவுகளுக்குத்தான?"

பெயிண்டர் பிரஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சாண் சுவரைத்தான். அதை வீட்டுக்கு எடுத்து வர முடியாது. ஓகே ஷீட் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும். அன்று வெயிலில் நின்று அதையும், அதைச் சுற்றியிருந்த கிரீமையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு, அக்கா இருந்த காலத்தில் சொல்லாததை, தங்கவேலின் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"கலர் மாறியிருக்கு. கழிவு."