விமானத்தில் வந்த சீர்க்கூடை

எனக்கு முன்கோபம் அதிகம். அப்படிப்பட்டவன், காலையிலிருந்து மாலை வரை சிரித்த முகத்தோடு நிற்பதற்குச் சம்பளம் வாங்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்றால், அதைத் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும். விமானப் பணிப்பெண் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. அதே வேலையை ஓர் ஆண் செய்கிறான் என்றால் விளங்குவதில்லை. திருச்செங்கோட்டில் எங்கள் தெருக்காரர்கள் முதலில், "பைலட்டுங்களா தம்பி?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும், "அப்ப கண்டக்டரு" என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அப்பா லாரி ஓட்டியவர். "நான் ஸ்டேரிங் புடிச்சேன், எம்பையன் பிளைட்டுல விசில் ஊதறான்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். அதில் கேலி பாதி, பெருமை பாதி.

தமிழ் பேசத் தெரிந்தவன் என்பதால் என்னைச் சென்னைக்கும் சேலத்துக்கும் போய்வரும் சின்ன விமானத்தில் போட்டார்கள். இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் விமானம் அது. ஏறும்போதே, "என்ன தம்பி, ஃபேன் வெச்ச வண்டியா?" என்று ஒருவராவது கேட்பார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வண்டி என்றால் தெரியும். லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களும் போர்வெல் ரிக் ஓட்டுகிறவர்களும் வீட்டுக்கு ஒருவர் இருக்கும் ஊர்கள். உட்கார்ந்ததும் சீட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் என்ஜின் நன்றாக ஓடுகிறதா என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. காபி ஏன் சூடாக இல்லை என்று கேட்காத நாளும் இல்லை.

பறப்பது சம்பந்தப்பட்ட கோளாறுகளை எல்லாம் இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் தலையில் விடிவது சில்லறைக் கோளாறுகள். வெந்நீர்ப் பாத்திரம் சுடாது. தலைக்கு மேலிருக்கும் விளக்கு அணையாது. அணையாத விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒருவர், செய்தித்தாளைத் தொப்பியாக மடித்துப் போட்டுக்கொண்டு வழியெல்லாம் என்னை முறைத்துக்கொண்டே வந்தார். நான்தான் வீட்டிலிருந்து அந்த விளக்கை எடுத்துவந்து மாட்டினேன் என்று நினைப்பு போலும்.

நான் சொல்ல வந்தது ஒரு வைகாசி மாத நாளைப் பற்றி. முகூர்த்த சீசன், விமானம் நிறைந்துவிட்டது. சென்னை வெயிலில் நின்று காய்ந்த விமானத்துக்குள் ஏசி பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, பின்வரிசைகளுக்கு மேலே பை வைக்கும் பெட்டிகள் இரண்டில் பூட்டு பிடிக்கவில்லை. இன்ஜினியர் வந்து பார்த்து, பட்டையாக டேப் ஒட்டி, உபயோகிக்கக் கூடாது என்று சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுப் போய்விட்டார். அங்கே போக வேண்டிய பைகள் மற்றப் பெட்டிகளில் அடைந்தன. ஈ நுழைய இடமில்லை.

எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். வடக்கத்திப் பெண். கண்டிப்பானவர், தங்கமான மனசு. தமிழில் அவருக்கு வணக்கம், தண்ணி, உட்காருங்க என்ற மூன்று வார்த்தைகள் போதுமானதாக இருந்தன.

முன்வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். சேலத்தில் பெரிய கடை வைத்திருப்பவர் என்று, அவர் போனில் போட்ட சத்தத்திலேயே விமானம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மணியை அழுத்துவதும், நான் ஓடுவதுமாக இருந்தது.

"ஏந்தம்பி, ஏசி போடுவீங்களா மாட்டீங்களா?"

"போட்டுத்தான் இருக்குங்க சார். என்ஜின் ஓட ஆரம்பிச்சா நல்லா வந்துரும்."

"எங்கூரு டவுன் பஸ்ஸுல இதுக்கு மேல காத்து வருது."

அப்படியானால் அதிலேயே போக வேண்டியதுதானே என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இதோ பாக்கறேங்க சார்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் சம்பளம்.

கடைசியாக ஏறியவர் நாற்பது வயதுக்காரர். வெயிலில் கறுத்த உடம்பு, சவரம் செய்யாத முகம், புது வேட்டி. தோளில் ஒரு மூங்கில் கூடை. மஞ்சள் துணியால் வாய் கட்டியிருந்தது. சரியாகச் சிவப்பு அட்டை தொங்கிய பெட்டிக்குக் கீழேதான் அவருக்கு இடம். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது பூட்டு கெட்டுப்போச்சுங்க. கூடையை முன் சீட்டுக்கு அடியில, கால்கிட்ட வெச்சுக்குங்க" என்றேன்.

"காலுக்கிட்டயா?" அவர் கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இது சீருங்க தம்பி. தாய்மாமன் சீரு. கால்மாட்டுல எப்படீங்க வெக்கறது?"

எனக்குப் புரிந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு புறப்பட விதி இல்லை. கீழே லக்கேஜில் போடலாம் என்றால், "பொட்டி மேல பொட்டிய வீசுவாங்க" என்று தலையை ஆட்டினார். எங்கள் சாமான் அலமாரியைக் காட்டினேன். அதை ஒட்டிய கதவைப் பார்த்துவிட்டு, "கக்கூஸ் பக்கத்துலயா?" என்றார்.

"யாருக்குங்க தெரியப்போகுது? எறங்கறப்ப தோள்ல வெச்சுக்கிட்டுப் போயிருங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியுமில்லீங்க" என்றார்.

நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் ரிக் வண்டியோடு கிடப்பவர். ஒரே தங்கை. மேச்சேரியில் கட்டிக்கொடுத்தது. கல்யாணத்தன்று ரிக் லாரி நடுவழியில் நின்றுபோய், அண்ணன் வந்துசேர்வதற்குள் தாலி ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவள் மாமியார் வீட்டில், "அண்ணன் இருந்தும் இல்லாத புள்ள" என்று ஒரு பேச்சு. இப்போது அவள் மகளுக்குக் காதுகுத்து. அந்தக் குழந்தையைச் செல்போனில் பார்த்ததோடு சரி. விடிந்தால் அது அவர் மடியில் உட்கார வேண்டும். இன்றைக்குச் சாயங்காலமே பந்தலில் சீர் வைக்க வேண்டும். இந்த விமானத்தை விட்டால் பஸ்ஸில் போய்ச் சேர இருட்டிவிடும்.

"மறுபடியும் லேட்டாப் போனா, அவ தல நிமிர முடியாதுங்க" என்றார். "கால்ல பட்ட சீரக் குடுக்கறதுக்கும் எனக்கு மனசு வராதுங்க."

ஒவ்வொரு வரிசையாகப் போய், ஒரு பையைக் கீழே இறக்கி இடம் தரமுடியுமா என்று கேட்டேன். விமானத்தில் நாங்கள் பேசும், எந்த ஊர் வாடையும் இல்லாத ஒரு மொழுக்கைத் தமிழ் உண்டு, அதில்தான் கேட்டேன். ஒருவர் லேப்டாப் இருக்கிறது என்றார். ஒருவர் தூங்குவதுபோல் நடித்தார். வெள்ளைச் சட்டைக்காரர், "ஏசிக்கே வழியில்ல, என் பையில கை வெக்க வந்துட்டீங்களா?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அதற்குள் கேப்டனிடமிருந்து அழைப்பு. கதவை மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் ஓடுபாதையில் நமக்குக் கொடுத்த முறை போய்விடும். சீனியர் என்னைத் தனியே இழுத்து, கூடைக்கு இடம் கிடைக்காவிட்டால் ஆளை இறக்கிவிட வேண்டியதுதான் என்றார். கூடையில் அப்படி என்னதான் இருக்கிறது என்றும் கேட்டார். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, குழந்தைக்குத் தோடு, பாவாடை என்று நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, இதற்கா என்பதுபோல் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கே அப்படித்தான் பட்டது.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடையைத் தோளில் வைத்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இறங்கு என்று நான் சொல்லிவிடுவேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள். மைக்கை எடுத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம வண்டியில தாய்மாமன் சீரு ஒண்ணு வந்திருக்குதுங்க. தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. பெட்டி பூட்டு கெட்டுப்போனதால மேல வெக்க எடமில்லீங்க. கால்மாட்டுல வெக்கக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு கூடைக்கு யாராச்சும் எடம் குடுத்தா, நாம கெளம்பலாமுங்க."

ஒருவர் எழுந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். விமானமே எழுந்துவிட்டது. லேப்டாப்காரர் எழுந்தார், தூங்கியவர் எழுந்தார். மேலே இருந்த பெட்டிகள் எல்லாம் படபடவென்று திறந்தன. ஆளாளுக்குப் பையை இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இங்க வெய்யுங்க", "இங்க கொண்டாங்க" என்று நடைபாதையில் நெருக்கியடித்தார்கள். சீனியருக்கு முகம் வெளுத்துவிட்டது. கூட்டம் மொத்தமும் பையோடு எழுந்து நின்றால் எங்கள் பயிற்சியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் கையைப் பிடித்து, "என்ன சொன்னாய் இவர்களிடம்? தீப்பிடித்துவிட்டது என்றா?" என்று கேட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் யாரென்றால், வெள்ளைச் சட்டைக்காரர்.

"சீருன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன தம்பி? பை, பைன்னா எனக்கென்ன தெரியும்?" என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக் கூடையை வாங்கினார். தலைக்கு மேல் தூக்கியபடியே முன்வரிசைக்குக் கொண்டுபோய்த் தன் பெட்டியில் வைத்தார். பக்கத்தில் வேறு பை எதையும் வைக்கவிடவில்லை. அவருடைய தோல் பை அவர் காலடியில் கிடந்தது.

இறக்கிய பைகளை எல்லாம் சீட்டுகளுக்கு அடியில் திணிக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. எப்படியோ கதவை மூடிக் கிளம்பிவிட்டோம். ஏசியும் வந்தது. மேலே போனதும் முன்வரிசையில் மணி அடித்தது. போச்சுடா என்று போனேன்.

"தம்பி, இந்த மூடி நல்லாப் பூட்டியிருக்குதான்னு ஒருக்காப் பாருங்க."

பார்த்தேன். பூட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி. மறுபடியும் மூடி. அதற்குப் பிறகு அந்த மனிதர் ஏசியைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் என்னை உட்காரவும் விடவில்லை. பின்வரிசையில் அண்ணன்காரரோ, நான் போகும்போதெல்லாம், "இருக்குதுங்களா?" என்று கேட்டார். பறக்கிற விமானத்திலிருந்து கூடை எங்கே போய்விடும்? "பத்திரமா இருக்குதுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

சேலத்தில் இறங்கியதும் வழக்கம்போல் முண்டியடிப்பார்கள் என்று காத்திருந்தேன். எங்கள் விமானத்தில் பின்பக்கக் கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும். அண்ணன் கதவுக்குப் பக்கத்தில், கூடை முன்வரிசையில். வெள்ளைச் சட்டைக்காரர் கூடையை எடுத்துப் பின்னால் நீட்டினார். அடுத்த வரிசைக்காரர் வாங்கினார். அவரிடமிருந்து ஓர் அம்மா, அவரிடமிருந்து லேப்டாப்காரர். ஒரு கை இறங்குவதற்குள் இன்னொரு கை தாங்க, கூடை தலைகளுக்கு மேலேயே கைமாறி வந்தது. சீனியர் கையிலும் ஒரு நிமிடம் இருந்தது. மற்றவர்களைப் பார்த்து அவரும் அதைத் தலைக்கு மேலே தூக்கித்தான் பிடித்தார். கதவருகே நின்ற நான் அதை வாங்கி அண்ணன் தோளில் ஏற்றிவிட்டேன்.

அண்ணன்தான் முதலில் இறங்கினார். தரையில் கால் வைத்ததும் துள்ளித் துள்ளி நடந்தார். என்னடா இது என்று பார்த்தால், செருப்புகள் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தன. கீழே நிற்கும் ஊழியரிடம் கொடுத்தனுப்பினால் போதும். எனக்கு மனசு கேட்கவில்லை. சீனியரிடம் ஒரு நிமிடம் என்று கெஞ்சிவிட்டு, செருப்பும் கையுமாக ஓடினேன்.

வெளிவாசலில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா" என்றுகூட முழுதாக வரவில்லை. ஓடி வந்தாள். அவர் தோளிலிருந்த கூடையை அப்படியே தரையில், தன் காலடியில், தொப்பென்று வைத்துவிட்டு இரண்டு கையாலும் தங்கையையும் குழந்தையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தை முந்திக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் அலறினார்.

"ஏனுங்க! சீரக் கீழ வெச்சுட்டீங்க!"

அவர்கள் காதில் எதுவும் விழவில்லை. அண்ணனும் அழுதார், தங்கையும் அழுதாள், நடுவில் மாட்டிய குழந்தை தாய்மாமனின் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் தன் தோல் பையை வீசிவிட்டு ஓடினார். கூடையை எடுத்து, ஒட்டிய மண்ணைத் துண்டால் தட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டார். கொளுத்தும் வெயில். அவர் நகரவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது.

"அழுது முடிக்கட்டும் தம்பி, அவசரமில்ல" என்றார்.

கையில் செருப்போடு நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.