ஏசேக்கு என்றொரு வீடு

எங்கள் ஆட்களுக்கு வீடு இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் என்றால் அந்தப் பெயர் வேதாகமத்திலிருந்துதான் வரும். பெத்தேல் என்றால் தேவனுடைய வீடு. பெனியேல் என்றால் தேவனுடைய முகம். வாடகை வீட்டுக்கெல்லாம் பெயர் வைப்பார்களா என்று அம்மா கேட்டதற்கு, ஆபிரகாமே கூடாரத்தில்தானே இருந்தார் என்றார் அப்பா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் அப்பா, அம்மா, அண்ணா, நான் என்று நால்வரும் ஆக்லாந்தில் வந்து இறங்கினோம். எங்களைக் கூப்பிட்டெடுத்தவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. மவுண்ட் ஆல்பர்ட்டில் அவருடைய பழைய மரவீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் பெரியப்பாவின் மகன்மார் இருவர், மற்றதில் நாங்கள்.

எட்டுப் பேர் இருந்த அந்த வீட்டில் சுடுதண்ணீர்ச் சிலிண்டர் ஐந்து பேரோடு கைவிரித்துவிடும். ஆறாவது ஆள் போடுகிற சத்தம் ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும். அதனால் யார் குளிக்கப் போனாலும் ஐந்தாவது நிமிடம் பெரியம்மா கதவில் தட்டுவார். அம்மா வாய் திறக்கமாட்டார். பாத்திரங்களைக் கொண்டு பதில் சொல்லுவார். ஒருநாள் அதுவும் போதாமல் இருவருக்கும் நேருக்கு நேர் முற்றி, அம்மா அழுதுகொண்டு அறைக்குள் வந்தார்.

அம்மாவைச் சிரிக்க வைக்கத்தான் அப்பா அந்த வேதாகமக் கதையைச் சொன்னார். ஆபிரகாமின் மகன் ஈசாக்கின் ஆட்கள் ஒரு கிணறு வெட்ட, ஊர்க்காரர் தண்ணீருக்குச் சண்டைக்கு வந்தார்களாம். ஈசாக்கு அந்தக் கிணற்றுக்கு வாக்குவாதம் என்று பொருள்படும்படி ஏசேக்கு என்று பெயர் வைத்துவிட்டு அப்பால் போனாராம். பிறகு சண்டையில்லாத ஒரு கிணறு கிடைத்ததும் அதற்கு ரெகொபோத், அகலமான இடம், என்று பெயரிட்டாராம்.

“இந்த வீட்டுக்கும் ஏசேக்கு எண்டு வைப்பம். ஆனா ஆருக்கும் வாய் திறக்கக் கூடாது, விளங்குதோ?” என்றார் அப்பா. அம்மா கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்.

பதினான்கு மாதம் கழித்து, நகரின் மேற்கே ரானுயியில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு கிடைத்தது. அப்பா ஒரு பலகையில் ரெகொபோத் என்று எழுதி வாசலில் மாட்டினார். வீட்டு ஜெபத்துக்குப் பெரியப்பா குடும்பமும் வந்தது. ஜெபம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளைக் கேட்டார் போதகர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எட்டு வயது நுணல் ஒன்று, நான்தான், எழுந்து நின்றது. ஈசாக்கில் தொடங்கி, ரெகொபோத்துக்குப் பொருள் சொல்லி, பாராட்டுக் கிடைத்த துணிவில், “பெரியப்பா வீட்டுக்குப் பேர் ஏசேக்கு. அங்கை சுடுதண்ணிக்குச் சண்டை. அப்பாதான் பேர் வைச்சவர்,” என்றும் சொல்லி முடித்தது.

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. இந்த நாட்டில் அவருக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணனும் அண்ணியும்தான்; அந்த உறவை அவர் மகள் ஒரு வாயில் அறுத்துப்போட்டுவிட்டாள். “அண்ணை...” என்று தொடங்கினார் அப்பா. பெரியப்பா தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா எழுந்து குளியலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவிடம், “நல்ல சூடா வருது. இனிப் பிள்ளையள் ஆறுதலாக் குளிக்கட்டும்,” என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, “பேர் சரியாத்தான் வைச்சிருக்கிறாய்,” என்று சிரித்தார். அன்றிரவு அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பெரிய மனதுக்கு இன்றுவரை நான் நன்றியோடு இருக்கிறேன்.

அப்பா ரெகொபோத் என்ற பெயரை வீடு மாற்றி வைத்துவிட்டார் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது. மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் படுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்களுக்காக விட்டுக்கொடுத்த அறை. அந்தப் பதினான்கு மாதமும் அவர்கள் முன்னறையில் நிலத்தில் பாய் விரித்துத்தான் படுத்தார்கள். எனக்கோ அப்போது அவர்கள்மேல் பொறாமை. தொலைக்காட்சி இருந்தது அந்த அறையில்தான். கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.